நெடுநாள் வெளியூர் செல்லுமுன் வீட்டைக் காத்துவைக்கும் முறை

காசி யாத்திரைக்கென்று மாதக்கணக்கில் மக்கள் புறப்பட்டுச் சென்ற காலத்தில், பாட்டியோ சித்தப்பாவோ விதவை அத்தையோ யாரேனும் ஒருவர் வீட்டில் தங்கியிருப்பது கூட்டுக் குடும்பத்தின் வழக்கமாகையால், வீட்டை அடியோடு பூட்டிவிட்டுச் செல்லும் சங்கடம் பெரும்பாலோர்க்கு ஏற்பட்டதில்லை. இன்றோ, பிள்ளைகள் அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்க, பெற்றோர் இருவர் மட்டுமே தனித்து வாழும் வீடுகள் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மகளின் பிரசவத்துக்குத் துணையாகவோ பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவோ அவ்விருவரும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டால், பார்வையாளராக வருவோரை அந்நாடு சாதாரணமாக ஆறு மாத காலம் வரை தங்க அனுமதிப்பதால், அத்தனை நாளும் வீடு ஆளற்றுக் கிடக்க நேரிடுகிறது. இந்த அத்தியாயம் அத்தகையோரை உத்தேசித்தே எழுதப்படுகிறது. ஒரு மாதம் சொந்த ஊருக்குச் செல்வோரும் தமக்குப் பொருந்துவனவற்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பிரயாணம் நிச்சயமானவுடன் எல்லோருடைய மனத்திலும் முதலில் எழுவது திருட்டுப் பயம். அது நியாயமான பயமே. ஆயினும் திருடன் வரலாம், வராமலும் போகலாம். மழை, கறையான், எலி, கரப்பான், பழுதான மின்கம்பி, கசியும் குழாய் ஆகியவையோ ஆறு மாதத்தில் ஏதேனும் ஒரு முறை வந்தே தீரும். திருடனால் போகும் பொருள் ஒரே இரவில் போகிறது. இவற்றால் நேரும் நஷ்டம், முதல் நாளிலேயே யாராவது கவனித்திருந்தால் ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடியது, கவனிப்பாரின்றி வளர்ந்து, வீட்டுக்காரர் திரும்பும்போது பல ஆயிரமாக நிற்கிறது. இவ்விருவகை அபாயத்துக்கும் பரிகாரம் ஒன்றுதான்: அந்த வீட்டின் மேல் ஒரு மனிதருடைய பார்வை இடையறாது இருந்துகொண்டிருக்க வேண்டும். பூட்டும் விளக்கும் காமிராவும் அந்தப் பார்வைக்குத் துணை செய்வனவேயன்றி அதற்கு மாற்றாகா.

சாவி யாரிடம்?

ஆகையால், பூட்டு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே, புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பவரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பாசம் மிகுந்த உறவினர் பத்து மைல் தொலைவில் இருப்பதைக் காட்டிலும், சுமாரான பழக்கமுள்ள அண்டைவீட்டார் நடக்கும் தூரத்தில் இருப்பது மேல். மாடிப்படி ஏற முடியாத வயோதிகரிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது அவருக்கும் சிரமம், நமக்கும் பயனில்லை. பொறுப்பேற்பவர் ஊரில் இல்லாத சமயத்தில் உதவ இரண்டாமவர் ஒருவரையும் அறிமுகம் செய்துவைத்துவிட்டு, இவ்விருவர் தவிர மூன்றாவது ஆளிடம் சாவி இல்லை என்பதை உறுதிசெய்துகொள்க. வீடு கட்டிய காலத்தில் தச்சரிடமும் பழைய குடித்தனக்காரரிடமும் போன சாவிகள் திரும்பி வந்தனவா என்று சந்தேகமிருந்தால் பூட்டையே மாற்றிவிடுவது உத்தமம்.

"மாமி, ஆறு மாசத்துக்கு வீட்டை நீங்கதான் கொஞ்சம் பார்த்துக்கணும்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு விமானநிலையத்துக்கு ஓடுவது நம்மவரிடையே பரவலாகக் காணப்படும் பழக்கம். மாமியும் "அதுக்கென்ன, நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கோ" என்று மனதாரவே சொல்லுகிறார். ஆனால் எதைப் பார்ப்பது, எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பது, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. அவரை ஒரு நாள் மாலை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்து, மெயின் ஸ்விட்சும் தண்ணீர்க் குழாயின் கேட் வால்வும் எங்கே இருக்கின்றன, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பவற்றையெல்லாம் கூடவே நடந்து காட்டுவது அவசியம். வாரத்துக்கு ஒரு முறை வெளிப்புறம் சுற்றிப் பார்த்தல், பதினைந்து நாளுக்கு ஒரு முறை உள்ளே சென்று ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குதல், பெருமழை பெய்த மறுநாள் மாடியைப் பார்த்தல் என்று வேலைகளை ஒரு தாளில் எழுதி, பிளம்பர், எலெக்ட்ரீஷியன் ஆகியோருடைய தொலைபேசி எண்களையும் அதிலேயே குறித்து, சில்லறைச் செலவுக்கென்று சிறு தொகையும் முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். உதவி செய்பவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுவிட்டுக் கேட்கத் தயங்கி நிற்கும் நிலையை உண்டாக்குவது மரியாதையாகாது.

எழுத்து வேலைகள்

அடுத்தபடியாக, காகிதத்தில் முடிக்க வேண்டிய காரியங்கள். வீட்டு விலாசம், புறப்படும் தேதி, திரும்பும் தேதி, சாவி வைத்திருப்பவரின் பெயரும் எண்ணும் கண்ட கடிதம் ஒன்றை அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் நேரில் கொடுத்துவிடுவது நலம். பூட்டிய வீடுகளைப் பற்றித் தகவல் தரும்படி தமிழ்நாட்டுக் காவல் துறையினரே பொதுமக்களை அடிக்கடி கேட்டுக்கொள்கின்றனர். தகவல் இருந்தால் இரவு ரோந்து செல்லும் காவலர் அத்தெருவில் எந்த வீட்டைக் கவனிப்பது என்று அறிந்து செல்ல இயலும்.

நகைகளையும், வீட்டுப் பத்திரம் முதலிய மூல ஆவணங்களையும் வங்கி லாக்கருக்கு மாற்றிவிடுக. இரும்பு பீரோ துணி வைப்பதற்கு உரியது. அதன் சாவியைப் புடவை அடுக்குக்குள் ஒளித்துவைக்கும் வழக்கம் வீட்டாருக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு திருடருக்கும் தெரியும். லாக்கரில் வைத்தாலே சர்வ பத்திரம் என்று நினைப்பதும் முழுதும் சரியன்று. 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கர்ப் பொருளுக்கு நஷ்டம் நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரையில்தான். வாடகை 3,000 ரூபாயாயின் உச்சவரம்பு 3 லட்ச ரூபாய். இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நகையையும் புகைப்படம் எடுத்து, எடையையும் ரசீதையும் சேர்த்துப் பட்டியலாக்கி, அதன் பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவைப்பது பிற்காலத்துக்கு உதவும்.

வீட்டுக் காப்பீடு உள்ளவர்கள் பாலிசியின் நிபந்தனைகளை இச்சமயத்தில் ஒரு முறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிசி, தீ, புயல், வெள்ளம் முதலியவற்றை முன்னிட்டது. கதவை உடைத்துத் திருடுவதற்குரிய பாதுகாப்பைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். மேலும், வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளின்றி இருந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு; முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதி அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டால், பின்னால் வாதாட வேண்டியிராது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுவதால், ஆறு மாதப் பிரயாணத்தில் மூன்று தவணைகள் வரும். முன்பணமாகச் செலுத்திவிடும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொத்துவரிக்கும் அரையாண்டுத் தவணை இடையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்க.

கதவும் பூட்டும்

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூர்க் கைத்தொழிலாளர் செய்யும் மாங்காய்ப் பூட்டின் கீர்த்தி நாடறிந்தது. ஆனால் எவ்வளவு உயர்ந்த பூட்டாயினும், அது தொங்கும் நாதாங்கி அரையங்குலத் திருகாணியால் மரத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தால், திருடன் பூட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கம்பியை நுழைத்து நெம்பினால் பூட்டு பூட்டியபடியே இருக்க, நாதாங்கி பெயர்ந்து கையோடு வந்துவிடும். நாதாங்கியையும் கொண்டியையும் கதவின் மறுபுறம் வரை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளால் பிணைத்து, உட்பக்கத்தில் நட்டு போட்டு இறுக்கச் சொல்ல வேண்டும். வாசற்கதவில் தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவில் போவோர் வருவோர் அனைவருக்கும் அறிவிப்பதாகையால், கதவுக்குள்ளேயே அமைந்து வெளியில் சாவித்துவாரம் மட்டும் தெரியும் உள்பூட்டே முன்வாசலுக்குச் சிறந்தது. வெளிக் கேட்டுக்குப் பூட்டு இட்டால், அதைக் கேட்டின் உட்புறமாகத் தொங்கவிடுக.

முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போடும் வீட்டார் கொல்லைப்புறக் கதவுக்கு ஒரு துருப்பிடித்த தாழ்ப்பாளோடு திருப்தியடைந்துவிடுவது விந்தை. தெருவிலிருந்து பார்வை படாத இடத்திலேயே திருடன் நிதானமாக வேலை செய்கிறான். கொல்லைக் கதவுக்கு உட்புறத்தில் மேலும் கீழும் தாழ்ப்பாளும், நடுவில் குறுக்குக்கட்டையும் வேண்டும். மொட்டைமாடிக் கதவு பெரும்பாலான வீடுகளில் மெல்லிய பலகையாகவோ தகரமாகவோ இருப்பதால், அதற்கு முன் ஓர் இரும்புக் கிராதி அமைப்பது நல்ல செலவு. மாடிச்சுவரை எட்டும் மரக்கிளைகளை வெட்டிவிடுக; ஏணி, கடப்பாரை, மண்வெட்டி ஆகியவற்றை வெளியே விட்டுச் செல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டுக. மிதியடிக்கடியிலும் பூந்தொட்டிக்கடியிலும் மீட்டர்ப் பெட்டியின் மேலும் மாற்றுச் சாவியை வைப்பது, சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்குச் சமானம்.

ஆளில்லை என்று காட்டிக்கொடுப்பவை

பூட்டைவிட முந்திக்கொண்டு பேசுபவை வேறு சில இருக்கின்றன. நாள்தோறும் கோலம் போடும் தெருவில் ஒரு வாசல் மட்டும் நான்கு நாளாகத் தண்ணீர் தெளிக்கப்படாமல் வறண்டு கிடந்தால், அதைப் படிக்கத் தனிப் புத்தி வேண்டியதில்லை. கேட்டில் செருகிய விளம்பரத் தாள்கள், வாசலில் விழுந்து கிடக்கும் தென்னமட்டை, பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் வராந்தா விளக்கு ஆகிய ஒவ்வொன்றும் இதே செய்தியைச் சொல்லுகிறது. பாலையும் பத்திரிகையையும் நிறுத்துவது எல்லோரும் செய்வது. அதைக் கடைசி நாளில், காரணத்தை விஸ்தாரமாக விளக்காமல், சுருக்கமாகச் சொல்லி நிறுத்தினால் போதும். வீட்டு வேலை செய்யும் அம்மாளை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிடாமல், வாசலைப் பெருக்கிக் கோலமிடுவதற்காக மட்டும் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடர்ந்து கொடுத்துவந்தால், வீட்டுக்கு ஆள் நடமாட்டமும் அவருக்கு வருமானமும் அறுபடாமல் இருக்கும். திரும்பி வந்தபின் புதிதாக ஆள் தேடும் தொல்லையும் இல்லை.

மாலையில் தானே எரிந்து இரவில் தானே அணையும்படி நேரம் அமைக்கும் டைமர் ஸ்விட்ச் சொற்ப விலையில் கிடைக்கிறது. அதைக் கூடத்து விளக்கில் இணைப்பது வராந்தா விளக்கில் இணைப்பதைவிட நம்பத்தக்க தோற்றம் தரும். காமிரா வைப்போர், அது மின்சாரத்தையும் இண்டர்நெட்டையும் நம்பியிருப்பது என்பதை மறவாமல், இரண்டுக்குமான கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்திவிடுக. சென்னையில் இரவு இரண்டு மணியாகும்போது நியூயார்க்கில் முந்தைய நாளின் பிற்பகல். ஆகவே அங்கிருக்கும் மகனோ மகளோ விழித்திருக்கும் நேரத்தில்தான் இங்கே வீட்டுக்கு ஆபத்தான நேரம் வருகிறது. இது அனுகூலமே. எனினும் படத்தைப் பார்த்து அவர்கள் பதறுவதால் மட்டும் பயனில்லை. உடனே தொலைபேசியில் அழைத்தால் எழுந்து சென்று பார்க்கக்கூடியவர் அதே தெருவில் இருக்க வேண்டும். விமானநிலையத்தில் எடுத்த படத்தை முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் உலகறியப் போடுவதை, வீடு திரும்பும் வரை ஒத்திவைப்பது விவேகம்.

நீர்

சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. இந்த மூன்று மாதமும் பிரயாண காலத்துக்குள் அடங்குமாயின், மொட்டைமாடியின் மழைநீர் வடிகுழாய்களைச் சருகு நீக்கிச் சுத்தம் செய்வதே தலையாய வேலை. வாய் அடைபட்ட ஒரு குழாயால் மாடி குளமாகி, நீர் கூரைக்குள் இறங்கி, கூடத்துச் சுவரையும் மின்கம்பியையும் ஒருங்கே கெடுத்துவிடும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. இத்தகைய தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் வசிப்போர், புத்தகங்களையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் உயரத்தில் ஏற்றிவைத்து, காரை மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் நிறுத்திச் செல்வது நன்று.

மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, அதிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வை மூடி, தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்சை அணைத்துவிடுக. துணி துவைக்கும் இயந்திரத்துக்குச் செல்லும் குழாயையும் தனியே அடைத்துவிட வேண்டும். தரைக்கடியிலுள்ள தொட்டியின் மூடி சந்தில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்க. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய பத்து நாளில் கொசுவாக வெளிவந்துவிடுகிறது. அதன் முட்டை ஈரமின்றியும் பல மாதம் கெடாமல் இருக்குமாதலால், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் நீர் வற்றிப்போவதே தொல்லை. குளியலறைச் சல்லடைக்கும் கழிப்பறைக்கும் கீழேயுள்ள வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. சில வாரங்களில் அது ஆவியாகிவிட்டால் வழி திறந்துவிடும். சல்லடையில் ஒரு குவளை நீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் நீர் வற்றுவது தாமதப்படும். பதினைந்து நாளுக்கொரு முறை வருபவர் எல்லாச் சல்லடைகளிலும் ஒரு குவளை நீர் ஊற்றிச் செல்வதும் அவருடைய பட்டியலில் இருக்கட்டும்.

நெருப்பு, மின்சாரம், பூச்சி

மெயினையே அணைத்துவிட்டால் கூடத்து விளக்கும் காமிராவும் இயங்கா. எனவே அவ்விரண்டுக்கும் உரிய இணைப்பை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அறைகளுக்குரிய ஸ்விட்சுகளை மீட்டர்ப் பலகையிலேயே அணைத்துவிடுவது முறை. மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் கருவி, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் பொருத்தப்படுவது, உங்கள் வீட்டில் இல்லையெனில் இதுவே அதைப் பொருத்த ஏற்ற சமயம். இருப்பின், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, முழுதும் சார்ஜ் ஏற்றிவைக்க வேண்டும். காரை நிறுத்திச் செல்வோர் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவைக்கலாம். சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை அணைத்தால் மட்டும் போதாது. அதைக் கழற்றி, உருளையின் வாய்க்குரிய மூடியைப் போட்டுவிடுக. குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து, உறைபனி கரைந்தபின் உலரத் துடைத்து, கதவைச் சற்றே திறந்தபடி விட்டுவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

அரிசி, பருப்பு, ரவை ஆகியவற்றை ஆறு மாதம் பூட்டிவைத்துத் திரும்பி வந்து உபயோகிக்கலாம் என்பது வீண் ஆசை, வண்டு வைத்துவிடும். புறப்படுமுன் யாருக்கேனும் கொடுத்துவிடுவது புண்ணியமும் ஆயிற்று. பட்டுப் புடவைகளைக் காற்றாட விரித்து மடித்து, இடையில் வசம்போ வேப்பிலையோ வைக்கலாம். அலமாரிகளையும் புத்தக அடுக்குகளையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வைத்தால், கறையான் ஏறும் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். கதவுச் சட்டங்களில் அக்கோடு முன்பே காணப்பட்டால், மருந்து அடித்துவிட்டே புறப்படுவது உசிதம்.

புறப்படும் நாள்

வெளியூர் புறப்பட்டவர் சென்றவுடன் வீட்டைப் பெருக்கலாகாது என்ற சம்பிரதாயத்தை இன்றும் அனுசரிப்போர் உண்டு. ஆகவே பெருக்கும் வேலையையும் குப்பையை வெளியேற்றும் வேலையையும் முதல் நாள் இரவே முடித்துவிடுவது இரு வகையிலும் சௌகரியம். பூஜையறையில் விளக்கேற்றிக் கும்பிட்டபின், அதை மலையேற்றிவிட்டே புறப்பட வேண்டும். எரியும் திரியோடு வீட்டைப் பூட்டுவது பக்தியாகாது. துளசித் தொட்டியை அண்டைவீட்டில் ஒப்படைக்கலாம். கார் வாசலில் நின்று ஓட்டுநர் அவசரப்படுத்தும் நேரத்தில் நினைவு தடுமாறுவது இயல்பாகையால், எரிவாயு, தண்ணீர், மின்சாரம், ஜன்னல், கொல்லைக் கதவு, மாடிக் கதவு, பூஜை விளக்கு ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதி, ஒருவர் வாசிக்க மற்றொருவர் நேரில் சென்று தொட்டுப் பார்த்துவிட்டு வரும்படி ஏற்பாடு செய்துகொண்டால், விமானத்தில் ஏறியபின் "கியாஸை மூடினோமா?" என்ற கவலை வாட்டாது.

திரும்பி வந்தபின்

திரும்பியதும் வீட்டைத் திறப்பதற்கு முன் வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்க்க. பூட்டு உடைந்திருந்தாலோ கதவு திறந்திருந்தாலோ உள்ளே நுழையாமலும் எதையும் தொடாமலும் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பதற்றத்தில் பீரோவையும் இழுப்பறையையும் துழாவுவதால் விரல் ரேகைகள் கலைந்துவிடும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் பிரதி இலவசமாகக் கிடைக்கும் என்பது சட்டம். காப்பீட்டுக்கு அது தேவைப்படும். எல்லாம் ஒழுங்காயிருப்பின், விளக்கைப் போடுவதற்கு முன் ஜன்னல்களைத் திறந்து காற்றை மாற்றி, எரிவாயு வாசனை இல்லையென்று உறுதிசெய்து, தொட்டியைக் கழுவி, குழாய்களில் சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டபின் உபயோகிக்கத் தொடங்கலாம்.

இவை அனைத்தையும் செய்ய அவகாசமில்லாதவர்கள், மூன்றை மட்டுமேனும் தவறாமல் செய்வார்களாக: நகைகளை வங்கிக்கு அனுப்புதல், தண்ணீரையும் எரிவாயுவையும் அடைத்தல், சாவியையும் எழுதிய குறிப்பையும் நடக்கும் தூரத்திலுள்ள நம்பிக்கையானவர் ஒருவரிடம் ஒப்படைத்தல். இம்மூன்றிலும் ஒன்றைத்தான் செய்ய இயலும் என்றால் கடைசியில் சொன்னதைச் செய்க. அவருக்கு முதல் இரண்டையும் தொலைபேசியில் நினைவூட்டக்கூட வழியுண்டு, அவர் இல்லாத வீட்டுக்கோ எந்த வழியும் இல்லை.